உறைநிலைக்குப் பின் வரைகலை இயக்கி: உபுண்டு வெளியீடுகளின் வழியே ஒரு வரலாறு (2006–2024)

முன்னுரை

2004 அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்னும் ஒழுங்கை வகுத்துக்கொண்டது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே புதிய வசதிகளைச் சேர்ப்பது நிறுத்தப்படும். 'ஃப்ரீஸ்' எனப்படும் இந்த உறைநிலையில் பிழைத்திருத்தம் மட்டுமே நடக்கும். ஆனால் வன்பொருள் சந்தை இந்த நாட்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை. உறைநிலைக்குப் பின் கடைக்கு வரும் வரைகலை அட்டைக்கு இயக்கி தருவது எப்படி என்னும் கேள்விக்கு உபுண்டு அளித்த விடைகள் காலந்தோறும் மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரிந்து கிடக்கும் இயக்கி

லினக்ஸில் வரைகலை இயக்கி ஒற்றை நிரலன்று. வன்பொருளை நேரடியாக ஆளும் பகுதி, இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இருக்கிறது. முப்பரிமாண வரைவை 1993இல் பிரையன் பால் தொடங்கிய மெசா கவனிக்கிறது. திரையில் காட்டும் பணியைச் செய்யும் எக்ஸ் சர்வருக்குத் தனி இயக்கி உண்டு. 2005 டிசம்பரில் வந்த எக்ஸ்.ஆர்க் 7.0, ஒரே பெருந்தொகுப்பாக இருந்த எக்ஸைச் சிறு தொகுப்புகளாகப் பிரித்தது. அதனால் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்க முடிந்தது. அதே வேளையில், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பகுதிகள் ஒரே கணினியில் கூடிவிடும் ஆபத்தும் பிறந்தது.

பட்டறிவின் காலம்

2006 ஆகஸ்டில் உபுண்டு 6.06க்கு வந்த எக்ஸ் சர்வர் திருத்தம் ஒன்று, பல கணினிகளில் வரைகலைத் திரையே வராமல் செய்தது. வரைகலைப் பழுதின் தனிக் கொடுமை இங்கே வெளிப்பட்டது: பழுது நீக்கும் வழியைத் தேட உதவும் உலாவியும் அந்தத் திரையோடு போய்விடுகிறது.

2009 ஏப்ரலில் வந்த 9.04 பதிப்பின்போது இன்டெல் இயக்கியில் நினைவக மேலாண்மை, வரைவு முடுக்கம், திரை அமைப்பு மூன்றும் ஒருசேர மாறிக்கொண்டிருந்தன. மாற்றத்தின் நடுவே உறைநிலை வந்தது. இன்டெல் பயனர்கள் முந்தைய பதிப்பைவிட வேகம் குறைந்ததாகத் தெரிவித்ததை வெளியீட்டுக் குறிப்பே ஒப்புக்கொண்டது.

நீண்டகால ஆதரவுப் பதிப்பான 10.04இல் வேறு வழி முயலப்பட்டது. கெர்னல் 2.6.32ஆக இருக்க, அதன் வரைகலைப் பகுதி மட்டும் 2.6.33இலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது. எக்ஸ் சர்வரிலும் பிந்தைய பதிப்பின் திருத்தங்கள் சேர்ந்தன. 2010 ஏப்ரல் 29 வெளியீட்டுக்குச் சிறிது முன் அத்திருத்தங்களால் நினைவகக் கசிவு ஏற்படுவது தெரிந்தது. அவற்றை விலக்கியபின்பே பதிப்பு வெளிவந்தது.

வெளியீட்டுக்குப் பின் திறந்த வழி

2013 பிப்ரவரியில் வந்த 12.04.2 அணுகுமுறையையே மாற்றியது. 12.10இன் கெர்னல் 3.5உம் எக்ஸ் தொகுப்புகளும் பழைய பதிப்புக்குக் கொண்டுவரப்பட்டன. புதிதாக நிறுவுவோர் அவற்றைப் பெற்றனர். ஏற்கெனவே நிறுவியவர்கள் 3.2 கெர்னலிலேயே தொடர முடிந்தது. கடைசி வாரத்தில் திணிக்கவேண்டிய கட்டாயம் இதனால் தளர்ந்தது. வெளியான பதிப்புக்கு வரும் திருத்தங்கள் இன்று 'புரொபோஸ்ட்' என்னும் சோதனைக் களஞ்சியத்தில் பொதுவாக ஏழு நாட்களேனும் இருந்த பின்பே பயனரை அடைகின்றன. என்விடியாவின் புதிய இயக்கிகளும் 2019 முதல் வழக்கமான புதுப்பிப்புகளாகவே நீண்டகாலப் பதிப்புகளை அடைந்தன.

2024 ஆகஸ்டில் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. உறைநிலை நாளில் கெர்னலின் இறுதி வடிவம் வராவிட்டாலும், அப்போது கிடைக்கும் ஆகப் புதிய முன்வெளியீட்டையே ஏற்பது என உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனம் அறிவித்தது.

முடிவுரை

இவ்வரலாறு காட்டுவது ஒன்று. தாமதமான புதுப்பிப்பைத் தடுத்ததால் பயனர் காக்கப்படவில்லை. திரும்பிப்போக வழி வைத்ததாலேயே காக்கப்பட்டார். புதிய கெர்னல் இடறினால், கணினியைத் தொடங்கும்போதே பட்டியலிலிருந்து பழையதைத் தேர்ந்துகொள்ளலாம். மெசாவுக்கோ அந்த வசதி இல்லை: 16.04 முதல் நீண்டகாலப் பதிப்புகளில் புதியது வந்து பழையதன் இடத்திலேயே அமர்ந்துவிடுகிறது. இயக்கியின் ஒரு பாதிக்கு மட்டும் திரும்பும் வழி இருப்பது போதாது. மெசாவின் முந்தைய பதிப்பையும் அருகிலேயே வைத்திருப்பதுதான் உபுண்டு அடுத்துச் செய்யவேண்டிய பணி.