பொத்தானை அழுத்துமுன்

புதுச்சேரியில் நான் படித்ததெல்லாம் பிரெஞ்சு வழியில். எங்கள் பூகோள ஆசிரியர் மோன் பிளான் மலையைப் பற்றிப் பேசினால் வென்சாந்தோன், ஆன்ரி என்ற இரண்டு பெயர்களைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் பெல்ஜியக்காரர். இருவருக்கும் இருபதைச் சற்றே தாண்டிய வயது. 1956 டிசம்பரில் அந்த மலையில் பனிப்புயலில் சிக்கினார்கள். கீழே ஷமோனி ஊரில் இருந்தவர்கள் தொலைநோக்கி வழியே அவர்களைப் பார்த்தார்கள். இருக்குமிடம் தெரிந்தும் எட்ட முடியவில்லை. டிசம்பர் 31 அன்று, காப்பாற்றப் போன விமானப்படை ஹெலிகாப்டரே பனியில் விழுந்தது. அதில் போனவர்களைக் கீழே கொண்டுவருவதே பெரும்பாடாயிற்று. இளைஞர்களை உடைந்த ஹெலிகாப்டருக்குள் கிடத்திவிட்டு வர நேர்ந்தது. அவர்கள் பிழைக்கவில்லை. பிரான்சே கொதித்தது. 1958இல் மலை மீட்புப் பணியை அரசே முறைப்படுத்தியது.

அடுத்து வந்தது செயற்கைக்கோள் காலம். பனிப்போர் நடந்த 1979இல், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்சு நான்கும் கோஸ்பாஸ்-சர்சாட் என்ற மீட்புத் திட்டத்தில் கைகோத்தன. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூவர் அதனால் பிழைத்தார்கள். பின்னர் மலையேறுபவர் பையிலும் அவசரப் பொத்தான் வந்து சேர்ந்தது.

2009இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் இரண்டு தந்தையரும் அவர்களுடைய மகன்களும் அந்தப் பொத்தானை மூன்று முறை அழுத்தினார்கள். முதல் முறை தண்ணீர் இல்லையென்று. ஹெலிகாப்டர் வருவதற்குள் தண்ணீர் கிடைத்துவிட்டது, ஏற மறுத்தார்கள். இரண்டாம் முறை, கிடைத்த தண்ணீர் உப்புக் கரிக்கிறதென்று! அதற்காக இரவில் ஹெலிகாப்டர் பறந்தது. மூன்றாம் முறை அவர்களை ஏற்றிக்கொண்டு போய், குழுத் தலைவர் மீது வழக்கும் போட்டார்கள்.

எழுத்தராக இருந்த காலத்தில் எத்தனையோ கோப்புகளில் 'மிக அவசரம்' என்று எழுதியிருக்கக் கண்டிருக்கிறேன். எல்லாமே அவசரம் என்றானபின் எங்களில் யாரும் அந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை. உண்மையிலேயே அவசரமான விதவை ஓய்வூதியக் கோப்பு ஒன்று அடியில் கிடந்ததும் உண்டு. அதில் எனக்கும் பங்குண்டு.

பொத்தான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வென்சாந்தோன், ஆன்ரி போன்றவர்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். ஆனால் அதை அழுத்தினால் புறப்பட்டு வருபவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். என் பேரன் மலையேறப் போகிறேன் என்றபோது இதைத்தான் அவனிடம் சொன்னேன்.