கே2: ஏறியவர்கள் யார், சுமந்தவர்கள் யார்?

உலகின் இரண்டாவது உயரமான மலைக்கு ஒரு வரிசை எண்தான் பெயர்: கே2. உயரம் 8,611 மீட்டர். பாகிஸ்தான் நிர்வகிக்கும் கில்கித்-பால்டிஸ்தானும் சீனாவின் சின்ஜியாங்கும் தொடும் எல்லையில், காரகோரம் மலைத்தொடரில் நிற்கிறது. எவரெஸ்ட்டைவிட உயரம் குறைவு என்றாலும் ஏறுவது அதைவிடக் கடினம். மலையின் எல்லாப் பக்கமும் செங்குத்து. கடைசி ஊரான அஸ்கோலேயைத் தாண்டினால் மலையடிவாரம் வரை பல நாள் நடை, அதில் பெரும்பகுதி பால்டோரோ பனியாற்றின் மேல். கூடாரம், கயிறு, உணவு எல்லாம் பால்டி மக்களின் முதுகில்தான் போய்ச் சேர்ந்தன.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1856 இல் மாண்ட்கோமரி என்ற பிரிட்டிஷ் அதிகாரி, காஷ்மீரில் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பார்த்து, காரகோரம் சிகரங்களுக்கு கே1, கே2 என்று எண் போட்டார். கே1க்கு மஷெர்புரூம் என்ற உள்ளூர்ப் பெயர் நிலைத்தது. கே2க்கு எண்ணே நிலைத்தது. அவர் வேலை செய்தது இந்தியப் பெரு முக்கோண நில அளவையில். அது 1802 இல் நம் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கியது. கோணம் அளக்கும் கருவி மட்டுமே சுமார் அரை டன் எடை. அதைக் குன்று குன்றாகத் தூக்கிச் சென்ற கூலிகளை நமக்குத் தெரியாது. லாம்டனையும் எவரெஸ்ட்டையும் தெரியும்.

கே2 ஏறிய வரலாறும் இதே வழியில்தான் எழுதப்பட்டது. 1909 இல் இத்தாலிய இளவரசர் அப்ரூஸி கோமகன் முயன்று தோற்றார். இன்றும் பெரும்பாலோர் ஏறும் முகட்டுக்கு அவர் பெயர்தான்.

1939 இல் ஓர் அமெரிக்கக் குழு சென்றது. ஃபிரிட்ஸ் வீஸ்னரும் பசாங் தாவா லாமா என்ற ஷெர்பாவும் சுமார் 8,380 மீட்டர் வரை ஏறித் திரும்பினார்கள். குழுவைச் சேர்ந்த செல்வந்தர் டட்லி வுல்ஃப் மேல் முகாமில் தனியாகச் சிக்கிக்கொண்டார். அவரை மீட்க பசாங் கிகுலி, பசாங் கிதார், பின்சூ ஆகிய மூன்று ஷெர்பாக்கள் மேலே போனார்கள். திரும்பவேயில்லை. கூலிக்கு வந்தவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் செய்த காரியம் இது.

1954 ஜூலை 31 அன்று இத்தாலியர்கள் கொம்பன்யோனி, லாசெதெல்லி இருவரும் முதன்முதலாக உச்சியைத் தொட்டார்கள். முந்தைய நாள் அவர்களுக்கான ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்து ஏறியவர்கள் இருவர்: இத்தாலிய இளைஞர் வால்டர் பொனாட்டி, ஹன்ஸாவைச் சேர்ந்த அமீர் மெஹ்தி. பேசிவைத்த இடத்தில் கூடாரம் இல்லை, இன்னும் மேலே போடப்பட்டிருந்தது. இருட்டிவிட்டது. உருளைகளை வைத்துவிட்டு இறங்கிப் போகும்படி மேலிருந்து குரல் மட்டும் வந்தது. இறங்க வழியில்லாமல், கூடாரமோ உறங்கும் பையோ இன்றி, சுமார் 8,100 மீட்டரில் இருவரும் அந்த இரவைக் கழித்தார்கள். உறைபனியில் மெஹ்தியின் கால்விரல்கள் அத்தனையும் போயின. அவர் மறுபடி மலை ஏறவில்லை.

பொனாட்டிக்கும் அநீதிதான் நடந்தது. அவர் புத்தகம் எழுதினார், நீதிமன்றம் போனார், அரை நூற்றாண்டுக்குப் பின் இத்தாலிய மலையேற்றச் சங்கம் அவர் சொன்னதை ஏற்றது. மெஹ்தியிடம் அச்சகமும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஒரே இரவு, ஒரே பனி. ஆனால் ஒருவர் மட்டுமே தன் கதையைத் தானே சொல்ல முடிந்தது.

ஷெர்பாக்களும் ஹன்ஸா மக்களும் தலித்துகள் அல்ல. அவர்கள் வரலாறு வேறு, அதை நம்முடையதாக்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. ஆனால் உழைப்பை ஒரு கூட்டத்திடமும் பெயரை இன்னொரு கூட்டத்திடமும் கொடுக்கும் ஏற்பாட்டை நமக்கு நன்றாகவே தெரியும். கோயில் கட்டியவன் மன்னன், ஏரி வெட்டியவன் ஜமீன்தார் என்று படித்து வளர்ந்தவர்கள்தானே நாம்?

2021 ஜனவரி 16. குளிர்காலத்தில் யாரும் ஏறியிராத கே2 உச்சியை பத்து நேபாளிகள் அடைந்தார்கள். ஒன்பது பேர் ஷெர்பாக்கள், ஒருவர் மகர் இனத்தைச் சேர்ந்த நிர்மல் புர்ஜா. முன்னால் போனவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, பின்னால் வந்தவர்களுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஏறினார்கள். 'முதல் ஆள்' யார் என்ற கேள்விக்கே அவர்கள் இடம் வைக்கவில்லை.

அதனால் எல்லாம் மாறிவிடவில்லை. பால்டோரோ பனியாற்றில் சுமை தூக்குபவர்கள் இன்றும் பால்டி மக்களே. ஆய்வேட்டுக்குக் களப்பணி செய்யும் மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம்: எந்தச் சாதனையைப் படித்தாலும் சுமை தூக்கியவர் பெயரைத் தேடுங்கள். ஆவணத்தில் இல்லையென்றால் அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். உங்கள் ஏட்டில் அந்தப் பெயரை அடிக்குறிப்பில் போடாதீர்கள், முதல் பக்கத்தில் எழுதுங்கள்.