வானூர்திப் பொறி முழுச் சீரமைப்பு

வானூர்திப் பொறி முழுச் சீரமைப்பு என்பது, சிறு வானூர்திகளின் பிஸ்டன் பொறியை முற்றாகக் கழற்றி, உறுப்புகளைத் தூய்மையாக்கி அளந்து, தேய்ந்தவற்றை மாற்றி, மீண்டும் பொருத்திச் சோதிக்கும் பணியாகும். வழக்கில் இது ஓவர்ஹால் எனப்படுகின்றது. எரிபொருள் வழங்கும் அமைப்பும் இப்பணியில் அடங்கும். அவ்வமைப்பு கார்புரேட்டர், எரிபொருள் உட்செலுத்தல் என இருவகைப்படும். ஒற்றைப் பொறி வானூர்தியில் பொறி நின்றுவிட்டால் வேறு உந்துவிசை இல்லை என்பதால் இரண்டின் இயல்புகளையும் அறிதல் இன்றியமையாதது.

கால வரம்பும் செய்முறையும்

பொறி எத்தனை மணிநேரம் இயங்கியபின் சீரமைக்கப்பட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் பரிந்துரைப்பார். செஸ்னா 172 வானூர்தியில் பயன்படும் லைகோமிங் ஐஓ-360-எல்2ஏ பொறிக்கு இது 2000 மணிநேரம் ஆகும். குறைவாகப் பறந்த பொறியாயினும் 12 ஆண்டுகளில் சீரமைக்குமாறு லைகோமிங் கூறுகின்றது. நெடுநாள் இயங்காத பொறியின் உள்ளே துருப்பிடிப்பதே இதற்குக் காரணம்.

எஃகாலான வணரித்தண்டின் வெடிப்புகள் காந்தத்துகள் சோதனையாலும், அலுமினிய உறுப்புகளின் வெடிப்புகள் சாயம் ஊடுருவும் சோதனையாலும் கண்டறியப்படுகின்றன. உருளைகளை மட்டும் கழற்றிச் சீர்செய்வது மேற்பகுதிச் சீரமைப்பு எனப்படும். அது முழுச் சீரமைப்பு ஆகாது.

கார்புரேட்டர்

காற்று குறுகிய கழுத்து வழியே விரையும்போது அழுத்தம் குறைந்து, மிதவை அறையிலுள்ள எரிபொருள் உறிஞ்சப்படுகின்றது. அமைப்பு எளியது, செலவு குறைந்தது. எனினும் எல்லா உருளைகளுக்கும் கலவை ஒரே அளவில் சென்று சேர்வதில்லை. மேலும், எரிபொருள் ஆவியாவதால் கழுத்துப்பகுதி கடுங்குளிர்ச்சி அடைந்து, காற்றின் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து பொறியை நிறுத்தக்கூடும். இதனைத் தவிர்க்க, புகைபோக்கியின் வெப்பத்தால் சூடாக்கிய காற்றை விமானி உள்ளே செலுத்துவார்.

எரிபொருள் உட்செலுத்தல்

வயலுக்கு நீர் இறைக்கும் டீசல் பம்புசெட்டில் எரிபொருள் உருளைக்குள் பீய்ச்சப்படுகின்றது. லைகோமிங் போன்ற வானூர்திப் பெட்ரோல் பொறிகளிலோ அது ஒவ்வோர் உருளையின் உள்ளெடுப்பு வழியிலும் தெளிக்கப்படுகின்றது. இதனால் கலவை சீராகின்றது. கழுத்தில் எரிபொருள் ஆவியாகி உறையும் இடரும் இல்லை. ஆனால் நுண்துளைகள் அழுக்கால் எளிதில் அடைபடும். சூடான பொறியை நிறுத்தி உடனே இயக்க முயன்றால், குழாயில் எரிபொருள் ஆவியாகித் தடை உண்டாகும்.

காவிரிப் படுகையின் தட்பவெப்பம்

கார்புரேட்டரில் பனி உறைவது குளிர்நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தஞ்சாவூர்ப் பகுதியில் நிலவுவது போன்ற ஏறத்தாழ 25 பாகை செல்சியசு வெப்பநிலையும் மிகுந்த ஈரப்பதமும், பொறியாற்றலைக் குறைத்து இறங்கும் வானூர்தியில் உறைவுக்கு ஏற்ற சூழலாகும். மாறாக, கோடையில் உட்செலுத்தல் பொறிகளே மறுதொடக்கத்தில் தொல்லை தரும். தஞ்சாவூர் வான்படைத் தளத்தில் 2020இல் நிலைகொண்ட சுகோய்-30 போன்ற தாரை வானூர்திகளுக்கு இச்சிக்கல்கள் இல்லை.

இந்திய அனுபவம்

இந்திய வான்படையின் எச்பிடி-32 தீபக் பயிற்சி வானூர்தி, உட்செலுத்தல் வகை லைகோமிங் பொறி கொண்டது. எனினும் பறக்கையில் பொறி நின்றுபோன நிகழ்வுகள் தொடர்ந்தன. 2009 சூலையில் நேர்ந்த விபத்தில் இரு விமானிகள் இறந்தபின் இவ்வானூர்திகளின் பறப்பு நிறுத்தப்பட்டது. தொட்டி, குழாய், பம்பு ஆகிய அனைத்தும் செம்மையாக இல்லாவிடில் உட்செலுத்தல் மட்டும் பாதுகாப்பு அளிக்காது.

பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகத்தின் ஹன்சா-3, கார்புரேட்டர் கொண்ட ரோட்டாக்ஸ் 914 பொறியால் இயங்கியது. புதிய தலைமுறை ஹன்சாவுக்கு மின்னணு உட்செலுத்தல் கொண்ட ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் வகை தேர்ந்தெடுக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 3 அன்று முதலில் பறந்த இது, 2022 பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனைகளை முடித்தது.

தேர்வு

சான்று பெற்ற வானூர்தியில் உரிமையாளர் தம் விருப்பப்படி எரிபொருள் அமைப்பை மாற்ற இயலாது. அம்மாற்றத்திற்குத் தனி ஒப்புதல் வேண்டும். மின்னணு உட்செலுத்தலுக்குத் தடையற்ற மின்சாரமும் தேவை. மேக்னெட்டோவும் கார்புரேட்டரும் கொண்ட பொறியோ மின்கலம் செயலிழந்தாலும் தொடர்ந்து இயங்கும்.