ஆர்பி26டிஇடிடி எஞ்சின்: மறுசீரமைப்பும் திறன் கூட்டலும்

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்காக 1989 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்ட இரட்டை டர்போ எஞ்சின் ஆர்பி26டிஇடிடி. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 86 மி.மீ. போர், 73.7 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்டது. இதன் கொள்ளளவான 2,568 கன செ.மீ.க்குப் பந்தய விதியே காரணம். 'குரூப் ஏ' போட்டிகளில் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கியே வகுப்பு பிரித்தார்கள். பெருக்கினால் வரும் 4,366, அடுத்த வரம்பான 4,500க்குள் அடங்கியது. ஜப்பானிய டூரிங் கார் தொடரில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 பந்தயங்களையும் இந்தக் கார் வென்றது. ஆனால் சாலைக் காருக்கு அறிவிக்கப்பட்டது 280 குதிரைத்திறன்தான். ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட உச்சவரம்பு அது. பந்தய எஞ்சின்கள் 500ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள், பெரிய டர்போவைப் பூட்டினால் மீதித் திறனும் வந்துவிடும் என்று நம்பினார்கள். உண்மையில் இந்த எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் முடிவு செய்வது அதன் ஆயில்தான். ஆகவே திறன் கூட்டும் வேலை ஆயில் ஓட்டத்தில் தொடங்கி டர்போவில் முடிய வேண்டும்.

இதற்கு முதல் சான்று ஆயில் பம்ப். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் எதிரெதிராகத் தட்டையாக்கப்பட்ட இரண்டு பக்கங்கள்தான் பம்பின் உள் கியரைச் சுழற்றுகின்றன. இந்த எஞ்சின் முதலில் வந்த ஆர்32 தலைமுறைக் காரின் தொடக்ககால கிராங்க்குகளில் இந்தப் பக்கங்கள் கியரைத் தொடும் அகலம் குறைவு. உச்ச வேகத்தில் கிராங்க் முறுக்கிக்கொண்டு அதிரும்போது அந்தக் குறுகிய பரப்பு கியரை அடித்துக்கொண்டே இருக்கும். கியர் விரிசல் விட்டால் ஆயில் அழுத்தம் விழும், பேரிங் தேய்ந்து இறுகும். பின்னாளில் நிசானே இந்தப் பகுதியை அகலமாக்கியது. பழைய கிராங்க்கில் அகலமான காலர் ஒன்றை இறுக்கிப் பொருத்துவதும், கியரை வலுவான எஃகுக்கு மாற்றுவதும் இன்று மறுசீரமைப்பின் அடிப்படை வேலைகள். இரண்டாவது சான்று ஹெட். நீண்ட நேரம் உயர் வேகத்தில் ஓடும்போது ஹெட்டுக்கு ஏறும் ஆயில் அதே விரைவில் கீழே இறங்குவதில்லை. ஆயில் சம்ப் வற்றுகிறது, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. மேலேறும் துளையைச் சுருக்கி, வடிவழியைப் பெரிதாக்கி, சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைப்பதே இதற்குத் தீர்வு.

ஃபோர்ஜ்டு பிஸ்டனும் கனெக்டிங் ராடும் போட்டால் போதாதா என்று கேட்கலாம். அவை எரிப்பின் அடியைத் தாங்கும். வற்றிப்போன பேரிங்கைக் காப்பாற்றாது. அவற்றுக்கும் துல்லியமான அளவு வேண்டும். சிலிக்கான் குறைந்த 2618 அலாய் பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும். அதற்கேற்பச் சிலிண்டரில் இடைவெளி விட வேண்டும். மேல் ரிங்கின் இரு முனைகளும் சூட்டில் முட்டிக்கொண்டால் ரிங் இருக்கும் காடியின் விளிம்பே உடைந்துவிடும். ஹெட் போல்டை முறுக்கும்போது சிலிண்டர் சற்றே கோணுவதால், ஹெட்டுக்குப் பதிலாகக் கனத்த இரும்புத் தகட்டை அதே இறுக்கத்தில் பூட்டிவிட்டு ஹோனிங் செய்வார்கள். மெயின் பேரிங்கில் ஷாஃப்ட் விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பட்டறைகளின் பொது விதி. சுமார் 55 மி.மீ. ஷாஃப்டுக்கு அது 0.055 மி.மீ. ஆயில் படலம் நிற்கும் இடம் அவ்வளவே. அதனால்தான் ஷாஃப்டில் பேரிங் அமரும் ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் தனித்தனியே அளந்து குறித்துக்கொள்கிறார்கள்.

பந்தயங்களில் தாங்கிய எஞ்சின் சாலையில் தாங்காதா என்பது இன்னொரு மறுப்பு. பந்தய எஞ்சினைக் குறிப்பிட்ட ஓட்டத்துக்குப் பிறகு பிரித்துப் பார்த்து மீண்டும் சேர்ப்பார்கள். சாலைக் காருக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. தொழிற்சாலை டர்போக்கள் பலவற்றில் உள்ள செராமிக் டர்பைன் சக்கரம் இலேசானது, விரைவில் வேகம் எடுக்கும். ஆனால் பூஸ்ட்டைக் கூட்டினால் சூட்டிலும் சுழற்சியிலும் உடையக்கூடியது. ஆகவே எஃகுச் சக்கர டர்போ, பெரிய இன்ஜெக்டர், நாக்கிங் வராதபடி எரிபொருளையும் தீப்பொறி நேரத்தையும் சீரமைத்தல் ஆகியவை தேவைதான். ஆனால் அவை கடைசிப் படி. திறனை அளக்கும் டைனோ காட்டும் உச்ச எண் சில நொடி நிலவரம். ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகும், வேகம் குறையாமல் ஓடும்போது அழுத்தம் நிலையாக நிற்கிறதா என்பதே மறுசீரமைப்பை அளக்கும் சரியான அளவுகோல்.