சேப்பாக்கத்தில் இருபது ஓவர்

இருபது ஓவர் கிரிக்கெட்டைப் பற்றிச் சென்னை ரசிகர்களிடம் நிலவும் இரண்டுபட்ட மனநிலையை, பொறுமை மிக்க பழைய தலைமுறைக்கும் பரபரப்பை நாடும் புதிய தலைமுறைக்கும் இடையிலான பிணக்காகக் காண்பது வழக்கமாகிவிட்டது. சேப்பாக்கம் மைதானத்தின் வரலாறு அந்த வழக்கத்துக்கு அவ்வளவாக இடம் தருவதில்லை. இந்தப் பிணக்கு பெரும்பாலும் ஒரே ரசிகரின் மனத்துக்குள் நடப்பதாகவும், ஆட்டத்தின் நீளத்தைக் காட்டிலும் யாருக்காகக் கைதட்டுவது என்ற கேள்வியைச் சார்ந்ததாகவுமே தெரிகிறது.

நீண்ட ஆட்டத்தின் கோயிலாகச் சேப்பாக்கம் கருதப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக இங்கேதான் பெற்றது. வினூ மங்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஓர் அணிக்கு இரண்டு இன்னிங்ஸ் வீதம் ஐந்து நாள்வரை நீளும் டெஸ்ட் ஆட்டம், பல ஆண்டுகளில் பொங்கலையொட்டியே இங்கு நடந்ததால், கரும்பைப்போல அதுவும் பண்டிகையின் ஒரு பகுதியாகவே பலருக்கு ஆகிப்போனது. சீட்டு கிடைக்காதவர்கள் சென்னை வானொலியின் தமிழ் வர்ணனையில் ஆட்டத்தைக் கேட்டுத் தீர்த்தார்கள். ஆயினும், மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று இதே மைதானத்தில் தொடங்கியபோது, மைசூர் அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்ற மெட்ராஸ் அணி அதை ஒரே நாளில் முடித்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தெருவில் டென்னிஸ் பந்து கொண்டு ஆறு ஓவரும் எட்டு ஓவரும் ஆடி வளர்ந்தவர்களுக்குக் குறுகிய ஆட்டம் அந்நியமானதாக என்றுமே இருந்ததில்லை.

சேப்பாக்கம் தனக்கென்று கொண்டாடிய பெருமை வேறொன்று. 1997 மே மாதம் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 ஓட்டங்கள் எடுத்து, ஒருநாள் ஆட்டங்களில் அன்றுவரை எவரும் எட்டாத தனிநபர் எண்ணிக்கையை அடைந்தபோது, சொந்த அணி தோற்றுக்கொண்டிருந்த நிலையிலும் பார்வையாளர்கள் அவரைப் பாராட்டினார்கள். 1999 ஜனவரி 31 அன்று, பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் 271 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்களில் ஆட்டமிழந்த பின் சரிந்து 12 ஓட்டங்களில் தோற்றது. வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எதிரணியின் திறமையை மதிக்கத் தெரிந்த, விவரம் அறிந்த ரசிகர் என்ற சென்னையின் பெயர் இத்தகைய தருணங்களில் உறுதிப்பட்டது. அந்தப் பெயரில் சற்றுத் தற்பெருமையும் கலந்திருந்தது என்று சொன்னால் தவறாகாது.

இருபது ஓவர் ஆட்டம் பிறந்த இடத்தில் இத்தகைய உணர்வுகளுக்கு வேலை இருக்கவில்லை. இங்கிலாந்தில் புகையிலை விளம்பரத் தடையால் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை முடிவுக்கு வந்ததும், கவுண்டி ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைந்துவந்ததும் சேர்ந்து, அந்நாட்டுக் கிரிக்கெட் வாரியத்தின் சந்தைப்படுத்தல் துறையில் இருந்த ஸ்டூவர்ட் ராபர்ட்சனை ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைக்கத் தூண்டின. வேலை முடிந்த மாலையில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும் அந்த ஆட்டத்தைக் கவுண்டிகள் பதினொன்றுக்கு ஏழு என்ற வாக்குகளில் ஏற்றுக்கொள்ள, 2003 ஜூன் 13 அன்று அது தொடங்கியது. இந்திய வாரியம் முதலில் இதில் நாட்டம் காட்டவில்லை. 2007 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் இந்திய அணி பாகிஸ்தானை ஐந்து ஓட்டங்களில் வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையைப் பெற்ற பிறகே நிலைமை மாறியது.

சென்னையைப் பொறுத்தவரை 2008ஆம் ஆண்டு தனித்துப் பார்க்கத் தக்கது. மார்ச் இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் வீரேந்தர் சேவாக் சேப்பாக்கத்தில் 304 பந்துகளில் 319 ஓட்டங்கள் குவித்தார். அதற்கு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஏப்ரல் 23 அன்று, இருபது ஓவர் தொடரான இந்தியன் பிரீமியர் லீக்கில் (ஐபிஎல்), அதே மைதானத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் தன் முதல் உள்ளூர் ஆட்டத்தில் மும்பை அணியை ஆறு ஓட்டங்களில் வென்றது. அன்று 81 ஓட்டங்கள் எடுத்துச் சென்னையின் செல்லப்பிள்ளையானவர் மேத்யூ ஹேடன், 2001இல் இதே மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 203 ஓட்டங்கள் அடித்த அதே ஆஸ்திரேலியர். முன்பு விருந்தினராக மதிக்கப்பட்டவர் இப்போது வீட்டுப்பிள்ளை ஆனார். ஐபிஎல் ரசிகரின் மனத்தை விரித்ததா சுருக்கியதா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் சிக்கலாகிறது: ஆஸ்திரேலியரும் மேற்கிந்தியரும் நம்மவர் ஆயினர், ஆனால் மும்பைக்காக ஆடும் இந்தியர் அன்று மாலைக்கு எதிரியானார், எதிரணிக்குக் கைதட்டுவது என்ற பழக்கம் சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டைகளுக்கிடையே மங்கியது. 1999இல் பாராட்டுப் பெற்ற பாகிஸ்தானின் ஆட்டக்காரர்கள் ஐபிஎல்லின் முதல் ஆண்டுக்குப் பிறகு அதில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

பணம் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்ற குறை அடிக்கடி எழுகிறது. சூப்பர் கிங்ஸ் அணியை நடத்தும் உரிமையை இந்தியா சிமெண்ட்ஸ் பத்தாண்டுகளுக்கு 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியதும், அதன் தலைவர் மகேந்திர சிங் தோனி 15 லட்சம் டாலருக்கு ஏலம் போனதும் அன்று மலைப்பைத் தந்தன. ஆனால் நிறுவனங்களின் ஆதரவு சென்னைக்குப் புதிதன்று; சன்மார் குழுமம் பேணிய ஜாலி ரோவர்ஸும் இந்தியா சிமெண்ட்ஸின் அணிகளும், ஆட்டக்காரர்களுக்கு வேலையும் வருமானமும் கொடுத்து, நகரத்தின் லீக் ஆட்டங்களைப் பல பத்தாண்டுகள் தாங்கி நின்றன. காலி இருக்கைகளுக்கு முன் நடந்த அந்தப் புரவலர் மரபு, ஐபிஎல்லில் முதன்முறையாக விளக்கொளியில் விலைப்பட்டியலோடு மேடையேறியது.

இதைவிடக் கூர்மையான குறை சுழற்பந்து வீச்சைப் பற்றியது. நான்காம், ஐந்தாம் நாளில் ஆடுகளம் வெடித்துத் திரும்பத் தொடங்கும்போது, மட்டையாளரை ஓவர் ஓவராக வலைக்குள் இழுக்கும் கலையில் வெங்கட்ராகவனையும் வி.வி. குமாரையும் கண்டு தேறிய ரசிகருக்கு, ஒருவருக்கு நான்கு ஓவர், அதாவது 24 பந்துகள் என்ற வரம்பு கலையைக் குறுக்குவதாகவே பட்டது. குறை நியாயமானதே. ஆனால் அதை முழுவதுமாக நம்பவிடாமல் செய்தவரும் சென்னைக்காரரே. சூப்பர் கிங்ஸுக்காகப் புதுப்பந்தோடு முதல் ஓவரை வீசக் கற்ற ரவிச்சந்திரன் அஸ்வின், 2011 மே 28 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ஐபிஎல் இறுதி ஆட்டத்தின் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை ஓட்டமின்றி வெளியேற்றினார்; அதே ஆண்டு நவம்பரில் டெஸ்டில் அறிமுகமாகி, இறுதியில் 537 டெஸ்ட் விக்கெட்டுகளை எட்டினார். விரலைச் சொடுக்கி அவர் வீசிய, தெருக் கிரிக்கெட்டின் சொடக்குப் பந்து டெஸ்ட் ஆடுகளத்துக்குப் போன வழி குறுகிய ஆட்டத்தின் ஊடாகவே சென்றது.

பற்றும் வெட்கமும் ஒருங்கே சோதிக்கப்பட்டது 2015இல்தான். அணியின் நிர்வாகத்தோடு தொடர்புடையவர் பந்தயத்தில் ஈடுபட்டதன் பேரில், உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு அணியை ஈராண்டு விலக்கிவைத்தது. 2018இல் திரும்பிய அணி, காவிரி நீருக்கான போராட்டத்தின் காரணமாக ஒரே ஓர் ஆட்டத்துக்குப் பிறகு புனேவுக்கு இடம்பெயர, ரசிகர்கள் தனி ரயிலில் பின்தொடர்ந்தனர். அவர்களில் பந்தய விவகாரத்தைக் கண்டித்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

2021 பிப்ரவரியில், பெருந்தொற்றின் நடுவே பாதி இருக்கைகளுக்கு மட்டும் அனுமதியோடு நடந்த இங்கிலாந்து டெஸ்டில், ஐபிஎல் கற்றுத்தந்த விசிலை எழுப்பச் சொல்லிக் கூட்டத்தை நோக்கிக் கைகாட்டினார் விராட் கோலி. விசில் வந்தது. மறுமுனையில் கடைசி ஆட்டக்காரரான சிராஜ் தடுத்தாடித் தாக்குப்பிடிக்க, அஸ்வின் தன் சொந்த மைதானத்தில் சதம் எட்டியபோது, டெஸ்டுக்குரிய பொறுமையோடும் இருபது ஓவருக்குரிய இரைச்சலோடும் ஆர்ப்பரித்தது ஒரே கூட்டம்தான்.