நிலவிலிருந்து நேரலைப் புறப்பாடு (அப்பல்லோ 17)

1972 டிசம்பர் 14 அன்று அப்பல்லோ 17 பயணத்தின் ஏறுகலம் நிலவின் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பியதைப் பூமியில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் நேரலையாக, வண்ணத்தில் பார்த்தனர். நிலவில் இறங்கிய யூஜின் செர்னன், ஹாரிசன் ஷ்மிட் இருவருமே கலத்துக்குள் இருந்தார்கள். அப்படியானால் படம் பிடித்தது யார்? நிலவுப் பயணமே நாடகம் என்று சாதிப்பவர்கள் விடாமல் கேட்கும் கேள்வி இது. விடை எளிது. இருவரும் ஓட்டித் திரிந்த ரோவர் வண்டியின் முன்புறத்தில் கேமரா இருந்தது. குடை போல விரிந்த ஆண்டெனா படத்தை நேரே பூமிக்கு அனுப்பியது. கேமராவைத் திருப்பியவர் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருந்த எட் ஃபெண்டெல்.

அவருக்கு இது மூன்றாவது முயற்சி. 1971இல் அப்பல்லோ 15 கிளம்பியபோது கேமராவை நிமிர்த்தும் பொறி மக்கர் செய்ததால், கலம் கண நேரத்தில் திரையின் மேல்விளிம்பைத் தாண்டி மறைந்தது. அடுத்த ஆண்டு அப்பல்லோ 16இன்போது ரோவர் திட்டமிட்ட இடத்தில் நிற்கவில்லை, கணக்கு பிசகியது.

சிக்கல் தூரத்தில் இருந்தது. நிலவுக்கு ஒரு கட்டளை போய்ச் சேர ஏறத்தாழ 1.3 நொடி ஆகும். படம் திரும்பி வர இன்னொரு 1.3 நொடி. திரையைப் பார்த்து கேமராவை நிமிர்த்தினால் கலம் எப்போதோ போயிருக்கும். அதனால் ஃபெண்டெல் படத்தை நம்பவில்லை. புறப்படும் நேரத்தை வைத்து முன்கூட்டியே கணக்கிட்டு, கலம் எழும்பும் முன்பே கட்டளைகளை அனுப்பினார். இம்முறை கேமரா பிசகாமல் கலத்தோடு சேர்ந்து மேலே ஏறியது.

ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 7 அன்று, ஃபுளோரிடாவின் இரவு வானத்தை வெளிச்சமாக்கிக் கிளம்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். புகையில்லை, கண்ணுக்குத் தெரியும் தழலும் இல்லை. வெற்றிடத்தில் ஏறுகலம் எரித்த எரிபொருளின் சுவாலை துலங்காது. வெப்பத்தடுப்புத் தாள் துணுக்குகள் மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சிதறின. துணுக்குகளுக்கு அந்த நிறங்கள் இல்லை. மூன்று வண்ணங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்யும் கேமரா, வேகமாகப் பறந்தவற்றைத் தனித்தனி நிறங்களாக உடைத்துக் காட்டியது.

ஏறுகலத்துக்கு ஏவுதளமாகப் பயன்பட்ட கீழ்ப்பகுதி நிலவிலேயே நின்றுவிட்டது. நிலவைச் சுற்றும் எல்ஆர்ஓ விண்கலம் 2011இல் எடுத்த படத்தில் அதுவும், சற்றுத் தள்ளி ரோவரும், அதன் சக்கரத் தடங்களும் தெரிகின்றன.