கதறலிலிருந்து கவனிப்புக்கு: உடல்வழி உளச்சிகிச்சை வந்த பாதை

வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்டு தொழில் தொடங்கிய காலத்தில் அவரிடம் போனவர்களுக்குப் பேச்சோடு உடம்புபிடியும் கிடைத்தது. 'எம்மி ஃபான் என்.' என்ற புனைபெயரில் அவர் எழுதிவைத்த பெண்ணுக்கு நாளுக்கு இரண்டு முறை உடம்பைப் பிடித்துவிட்டதாக அவரே குறித்திருக்கிறார். வேறு சிலரின் நெற்றியில் கையை வைத்து அழுத்தி, மறந்துபோனது இப்போது நினைவுக்கு வரும் என்று உறுதி சொல்வார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். சாய்ந்து படுக்கும் கட்டில் மட்டும் மிஞ்சியது.

அப்படி உடலை விட்டு விலகிய உளச்சிகிச்சை மீண்டும் உடலிடம் வந்து சேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது. ஆனால் வந்து சேர்ந்த இடம் புறப்பட்ட இடமல்ல. அடக்கிவைத்த துயரத்தையும் கோபத்தையும் கொட்டித் தீர்ப்பதே மருந்து என்பது ஆரம்ப நம்பிக்கை. இன்று இத்துறையில் தேர்ந்தவர்கள் செய்வது ஏறக்குறைய அதற்கு நேர்மாறு.

கொட்டித் தீர்க்கும் கொள்கைக்கு மூல ஆவணம், யோசஃப் ப்ராயரும் ஃப்ராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூல். அதில் 'அன்னா ஓ.' என்று வருபவர் பெர்த்தா பாப்பன்ஹைம். கை மரத்துப்போதல், பார்வைக் கோளாறு, விடாத இருமல் என்று அவருடைய துயரம் உடலில்தான் பேசியது. ப்ராயரிடம் மனம் விட்டுப் பேசுவதை அவர் வேடிக்கையாகப் புகைபோக்கி துடைப்பது என்பார். நூல் அதை வெற்றிக் கதையாகச் சொன்னது. உண்மையில், சிகிச்சை முடிந்த 1882ஆம் ஆண்டிலேயே அவர் கிராய்ட்ஸ்லிங்கனில் ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அஸ்திவாரக் கல்லே கொஞ்சம் ஆட்டம்.

இதற்கிடையே அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் வேறொரு கேள்வி எழுப்பினார். பயந்ததால் நடுங்குகிறோமா, நடுங்குவதால் பயத்தை உணர்கிறோமா? உடல் மாற்றமே முந்தியது என்பது அவர் பதில். மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வகுத்த தொல்காப்பியத்தை அறிந்தவருக்கு இது பழைய சங்கதியாகத் தோன்றலாம். இரண்டும் ஒன்றல்ல. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி மெய்யில் புலப்படுவது. ஜேம்ஸ் வரிசையையே திருப்பிப் போட்டார். உடலுறுப்பு மாற்றங்கள் அவ்வளவு வேகமானவை அல்ல என்று வால்டர் கேனன் 1927இல் மறுத்தார். அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

உளப்பகுப்பாய்வுக்குள் உடலைத் திரும்பக் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் ரைக். நோயாளி என்ன சொல்கிறார் என்பதைவிட எப்படிச் சொல்கிறார் என்பதை இவர் உற்றுப் பார்த்தார்: இறுகிய தாடை, தூக்கிய தோள், பாதியில் நிற்கும் மூச்சு. சிறு வயதில் உணர்ச்சியை அடக்கப் பழகியவரின் தசைகளே ஒரு கவசமாகிவிடுகின்றன என்றார். 1933இல் வந்த 'குண இயல்புப் பகுப்பாய்வு' இக்கருத்தை வளர்த்தெடுத்த முக்கிய நூல். அதே ஆண்டில் கம்யூனிஸ்ட் கட்சி அவரை வெளியேற்றியது. அடுத்த ஆண்டு லூசெர்ன் மாநாட்டில் உளப்பகுப்பாய்வுச் சங்கமும் வெளியேற்றியது. இரு பக்கமும் கதவடைத்த நிலையில் ஆஸ்லோ சென்று, மூச்சையும் தசையையும் நேரடியாகக் கையாளும் முறையை உருவாக்கினார்.

அங்கேயே நின்றிருந்தால் அவர் பெயர் வேறு மாதிரி நிலைத்திருக்கும். 1939இல் அமெரிக்கா போனவர், பிரபஞ்சமெங்கும் 'ஆர்கோன்' என்ற உயிராற்றல் இருப்பதாகவும், வெளியே மரமும் உள்ளே உலோகத் தகடும் வைத்துச் செய்த பெட்டிக்குள் உட்கார்ந்தால் அதைச் சேகரிக்கலாம் என்றும் சொல்லத் தொடங்கினார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. 1954இல் நீதிமன்றம் பெட்டிகளுக்குத் தடை விதித்தது. தடையை மீறியதற்காக இரண்டாண்டுச் சிறை. 1956இல் நியூயார்க்கில் அவருடைய நூல்கள் டன் கணக்கில் எரிக்கப்பட்டன. பெட்டிக்குச் சம்பந்தமில்லாத பழைய நூல்களும் தப்பவில்லை. 1957 நவம்பரில் லூயிஸ்பர்க் சிறையிலேயே இறந்தார். பிறகு உடல்வழிச் சிகிச்சை என்றாலே படித்த மருத்துவர்கள் ஒதுங்கிப் போனதற்கு இந்தப் பெட்டிக்கும் பங்குண்டு.

ரைக்கின் மாணவர் அலெக்சாண்டர் லோவென், கவசத்தை உடைக்கும் வேலையைத் தொடர்ந்தார். மெத்தையை உதைப்பது, முக்காலி மேல் பின்னால் வளைந்து மூச்சிழுப்பது, உரக்கக் கத்துவது எல்லாம் அவர் முறையில் அடக்கம். 1970இல் ஆர்தர் யானோவின் 'ஆதிக் கதறல்' நூல் வந்தது. அவரிடம் போய்க் கதறியவர்களில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஒருவர். கதறல் அன்றைக்கு நாகரிகமே ஆயிற்று.

அழுதால் பாரம் குறையும் என்பது நம் வீடுகளிலும் சொல்வதுதான். கோபத்துக்கும் அது பொருந்துமா? பிராட் புஷ்மன் 2002இல் 600 கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார். தங்களைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் தணியவில்லை, ஏறியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே தேவலை.

இந்த ஆரவாரத்துக்கு வெளியே இன்னொரு ஓடை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெர்லினில் எல்சா கிண்ட்லர் (1885–1961) என்ற உடற்பயிற்சி ஆசிரியை. மருத்துவரோ உளவியலாளரோ அல்லர். காசநோயிலிருந்து தன் மூச்சைக் கவனித்தே மீண்டதாக அவருடைய மாணவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். அவருடைய வகுப்பில் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் செய்யும் பயிற்சி கிடையாது. நாற்காலியிலிருந்து எழுவது, நிற்பது, மூச்சு விடுவது போன்ற அன்றாடச் செயல்களில் எங்கே தேவையில்லாமல் இறுக்கிக்கொள்கிறோம் என்று அவரவரே கண்டுபிடிக்க வேண்டும். நாஜி ஆட்சியில் யூதர்களுக்கு உதவிக்கொண்டே வகுப்பை நடத்தினார். 1945இல் போரின் கடைசி நாள்களில் அவருடைய பயிற்சிக்கூடம் எரிந்து, ஆவணங்கள் அழிந்தன. ரைக்கின் துணைவி எல்சா லிண்டன்பெர்க் இவரிடம் பயின்றவர் என்பதால், ரைக்கின் முறையிலும் கிண்ட்லரின் சாயல் உண்டு. உளச்சிகிச்சை வரலாறுகள் ரைக்குக்குத் தரும் பக்கங்களில் பத்தில் ஒன்றைக்கூட இவருக்குத் தருவதில்லை, அது நியாயமில்லை.

கிண்ட்லரின் மாணவி சார்லட் செல்வர் 1938இல் நியூயார்க்குக்குக் குடியேறினார். உளச்சிகிச்சையாளர்களான எரிக் ஃப்ராமும் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸும் அவரிடம் பயின்றனர். 1960களில் கலிபோர்னியக் கடற்கரையின் எசலென் நிலையத்திலும் அவர் கற்பித்தார். 1962இல் அந்த நிலையத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மைக்கேல் மர்ஃபி, அதற்கு முன் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தவர். பெர்லின் உடற்பயிற்சியும் ரைக்கின் மரபும் இந்திய யோகமும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்தது அப்படித்தான்.

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில், பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன உளைச்சல் நோய் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் திடுக்கிட்டு எழுந்ததும், சிறு சத்தத்துக்கும் பதறியதும் உடலை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தன. பீட்டர் லெவின் 1997இல் எழுதிய நூலில், ஆபத்திலிருந்து தப்பிய விலங்குகள் உடல் நடுங்கி இயல்புக்குத் திரும்புவதை எடுத்துக்காட்டினார். அவருடைய முறையில் நடந்ததை முழுதாகச் சொல்லச் சொல்வதில்லை. துளி அளவு நினைவு. உடனே நெஞ்சிலோ வயிற்றிலோ என்ன தெரிகிறது என்று ஒரு கவனிப்பு. பிறகு காலடியில் தரை, முதுகில் நாற்காலி என்று பாதுகாப்பான உணர்வுக்குத் திரும்புதல். மறுபடி ஒரு துளி. லெவின் சொல்லும் காரணம் விலங்குகளைச் சார்ந்தது. செய்முறையோ கிண்ட்லரின் வகுப்பறைக்கு நெருக்கமானது.

சான்றுகள் தாமதமாகத்தான் வந்தன. பெசல் வான் டெர் கோல்க் குழு 2014இல், பிற சிகிச்சைகளில் குணம் காணாத 64 பெண்களிடம் பத்து வார யோகப் பயிற்சியைச் சோதித்தது. யோகக் குழுவில் 52 சதவீதம் பேர் நோய் வரையறைக்கு வெளியே வந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 21 சதவீதம். லெவின் முறையை இஸ்ரேலில் 63 பேரிடம் சோதித்து 2017இல் வெளியான ஆய்வும் பலன் காட்டியது. எண்ணிக்கை சிறியது என்பதை மறக்கக்கூடாது. அதிர்ச்சி தசைக்குள் சேமிக்கப்படுகிறது என்ற பிரபலமான வாசகத்தை இவை எதுவும் நிரூபிக்கவில்லை. மருத்துவ வழிகாட்டு நெறிகள் இன்றும் முதலில் பரிந்துரைப்பது, அதிர்ச்சி நினைவை நேரடியாக எதிர்கொள்ளும் பேச்சுவழிச் சிகிச்சைகளையே.

இந்த வரலாறு தமிழ்க் கரையையும் தொட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் மாண்டார்கள். நெஞ்சு படபடக்குது, கடல் சத்தம் கேட்டாலே ஈரக்குலை நடுங்குது என்று உடலைச் சொல்லியே துயரத்தைச் சொல்லும் மொழி நம்முடையது. நாகை முகாம்களில் 183 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் உளைச்சல் ஆறு வாரத்தில் வெகுவாகக் குறைந்தது; காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களிடம் மாற்றம் சொற்பம். மூச்சுப் பயிற்சிக்குப் பின் நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கல் முறையில் அல்ல, முகாம் வாரியாகத் தீர்மானிக்கப்பட்டது.

கலிபோர்னியாவில் பணியாற்றும் உளவியலாளர் ராஜா செல்வம் இடம்பெற்ற குழு, லெவின் முறையைத் தழுவி, சுனாமியில் பாதிக்கப்பட்ட 150 பேருக்கு 75 நிமிடச் சிகிச்சை அளித்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 90 சதவீதம் பேர் நன்கு தேறியதாகவோ முற்றிலும் குணமானதாகவோ சொன்னதாக 2008இல் வெளியான கட்டுரை கூறுகிறது. இத்துறையினர் பெருமையோடு மேற்கோள் காட்டும் எண் அது. சிகிச்சை இல்லாமலே அந்த எட்டு மாதத்தில் தேறியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று அளந்து காட்ட, அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை.